பேய்களுக்குள்ளும் மேல் கீழ்

பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நாம் இங்கு விசாரிக்கப் புகவில்லை. அவ்வழக்கு நெடுங்காலமாய் நடந்து வருகிறது. இல்லையென்போர் பகலிலும், உண்டென்போர் இரவிலும் வெற்றி பெறுகின்றனர். நாம் விசாரிக்க விரும்புவது வேறொன்று. உண்டென்று கொள்ளப்பட்ட பேய்களுக்குள்ளே உயர்வு தாழ்வு புகுந்தது எவ்வாறு? உடம்பை விட்டு, உற்றாரை விட்டு, உடைமையை விட்டுப் போன பின்னும், பதவியும் சாதியும் மட்டும் விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடினால், பேய்களைப் பற்றி நாம் அறிவது சிறிதாகவும், நம்மைப் பற்றி அறிவது பெரிதாகவும் இருக்கக் காண்கிறோம்.

ஜோகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய வட்டாரங்களில் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தன. 1909இல் கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் பின் காடு விரைவாய் அழிந்தது. காடிருந்த இடத்தில் பால்மரம் நின்றது. பால்மரத்தின் அடியில் தமிழன் நின்றான். இன்று அம்மரங்களிற் பெரும்பாலானவை போய், அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் புகுந்தனர். ஆயினும் பல தோட்டங்களில் எல்லைக்கோயில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அத்தகைய தோட்டமொன்றில், பால்வெட்டிலேயே வாழ்நாளைக் கழித்த மூதாட்டி ஒருவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு எழுந்து, விளக்கொன்றைத் துணைகொண்டு மரத்துக்கு மரம் தனியே நடந்தவர் அவர். அங்குள்ள பேய்கள் எத்தனை வகை என்று வினவினோம். தம் உறவினரை எண்ணுவது போல அவர் எண்ணலானார்.

“எல்லைக்கு முனி, தம்பி. முனி பேயில்லை, சாமி. ஆனால் பேயெல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். சுருட்டும் சாராயமும் வைத்தால் காவல் காப்பார். அவருக்குக் கீழே சங்கிலிக் கறுப்பன். அதற்குக் கீழே காட்டேறி. குறளி ஏவல்காரன் மாதிரி. யார் வைத்திருக்கிறானோ அவன் சொன்னதைச் செய்யும். எல்லாவற்றுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள். பிள்ளை பெறும்போது செத்தவள். அவளுக்கு இடமே கிடையாது. அலைய வேண்டியதுதான்.”

இவ்வரிசையைக் கேட்டபோது, இதை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று நமக்குத் தோன்றிற்று. மேட்டின்மேல் பங்களாவில் துரை, அவருக்குக் கீழே சின்னதுரை, பிறகு கிராணி, பிறகு மண்டோர், அதன் கீழே லயத்து மக்கள், அவர்களுள்ளும் கீழே, ஆதரிப்பார் அற்ற பெண். எல்லையைச் சுற்றிவந்து காவல் புரிவோரும், ஏவிய வேலையைச் செய்வோரும், இடமின்றி அலைவோரும் இரண்டு வரிசையிலும் இருக்கின்றனர். தோட்டத்தின் பெயர்ப்பதிவுப் புத்தகத்தை இருட்டில் பிடித்துப் பார்த்தால் தெரியும் நிழலே பேய்களின் பட்டியல் என்பது நமது துணிபு.

ஆனால் இது தோட்டத்தில் பிறந்த வழக்கமன்று. கப்பலேறி வந்த மக்கள் இதைக் கையோடு கொண்டுவந்தனர். சிலப்பதிகாரத்து அழற்படு காதையைப் பாருங்கள். மதுரை தீப்பற்றும் நேரத்தில் நால்வகை வருணத்துக்கும் உரிய நான்கு பூதங்கள் நகரை விட்டு நீங்குகின்றன. அந்தணர்க்கு ஒன்று, அரசர்க்கு ஒன்று, வணிகர்க்கு ஒன்று, வேளாளர்க்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் குலத்துக்கேற்ற நிறமும் அணியும் கூறப்படுகின்றன. நகரே எரியும்போதும் பூதங்கள் வருணம் தவறி வெளியேறவில்லை! இந்நான்குக்கும் புறம்பே நிறுத்தப்பட்டவர்களும் அம்மதுரையில் வாழ்ந்திருப்பார்கள் அன்றோ? அவர்களுக்கென ஒரு பூதம் அங்குக் கூறப்படவில்லை.

பேய்களுக்கென்றே ஓர் உலகைக் கற்பித்துக் காட்டிய பெரும்புலவர் செயங்கொண்டார். முதற் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைப் பாடிய பரணி அவருடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அந்நூலில் மனிதர் பெறும் இடத்தைவிடப் பேய்கள் பெறும் இடம் பெரிது. காளி அங்கே அரசி. பேய்கள் அவளுடைய குடிகள். பசி பொறுக்கமாட்டாமல் அவை முறையிடுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அரசிக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிப்போன முதுபேய் ஒன்று, அங்கே கற்ற இந்திரசால வித்தையைக் காட்டி மன்னிப்புப் பெறுகிறது. போர்ச்செய்தி கொண்டுவரும் பேய் வேறு. நொண்டியும் குருடும் ஊமையுமாகிய பேய்களும் உள்ளன. இறுதியிற் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி நடக்கிறது. அப்பந்தியில் பார்ப்பனப் பேய் தனி, சமணப் பேய் தனி, புத்தப் பேய் தனி. ஒருபொழுதே உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கலவாமல் கூழை வடித்து வார்க்க வேண்டும் என்று ஏவல் பிறக்கிறது. செத்தும் ஆசாரம் கெடவில்லை!

செயங்கொண்டாரை நாம் குறைகூற வரவில்லை. அவர் பேயைக் காட்டி நம்மை நகைக்கவைத்த பெருங்கவிஞர். பிணம் தின்னும் பேய்க்கும் பந்தி வேறுபாடு உண்டென்று பாடியவர் யாரைப் பார்த்து நகைத்தார் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். கற்பனை குற்றமன்று, கற்பனையென்பதை மறந்து அதன் கீழ்க் குடியிருப்பதே குற்றம். ஜோகூர் பாருவில் கண்ணாடித் துண்டுகளால் ஒளிரும் இராஜகாளியம்மன் கோயில் ஒன்றுண்டு. நாடு பல கடந்தோர் வந்து கண்டு செல்லுகின்றனர். செயங்கொண்டாரின் காளி காட்டிலே பேய்கள் சூழ இருந்தாள். இக்காளி பட்டணத்தின் நடுவே விளக்குகள் சூழ இருக்கிறாள். அரசி இடம் மாறினாள், ஒளி பெற்றாள். அவளுடைய பழங்குடிகளுக்கோ இன்னும் விடுதலையில்லை.

நம் அண்டை வீட்டாரான மலாய் மக்களின் பேயுலகும் இதற்கு விலக்கன்று. 1900இல் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் மலாய் மந்திரங்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். அதிற் பேய்வகை பல விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஹந்து ராயா என்பது பெயராலேயே பெரும்பேய். அதனை வைத்திருப்பவன் இறக்குமுன் அதற்கொரு வாரிசு தேடவேண்டும் என்பர். தோயோல் என்பது இறந்த சிசுவின் உரு. அதனை வளர்ப்பவன் அதை ஏவி அயலார் பணத்தைத் திருடச் செய்வான். பிறவாத பிள்ளைக்கும் அங்கே கூலி வேலையே விதித்திருக்கிறது! இவற்றோடு சேர்ந்து, யாவரும் அஞ்சும் பொந்தியானாக் நிற்கிறாள். அவள் யார்? பிள்ளைப்பேற்றில் இறந்த பெண். அவளுடைய பிடரியில் ஆணி அறைந்தால் அடங்கி, அழகிய மனைவியாய் இருப்பாள் என்றும், ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேயாவாள் என்றும் கதை. 1957இல் சிங்கப்பூரில் பி. என். ராவ் என்னும் இந்திய இயக்குநர் இவளைத் திரைப்படமாக்கினார். படம் பெரும்புகழ் பெற்று, தொடர்ந்து வேறு படங்களும் வந்தன. மலாய்க் கதையில் பிடரிக்கு ஆணி. நம் ஊரில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் தலைமயிரைப் புளியமரத்தில் வைத்து அறையும் ஆணி. மொழி வேறு, மதம் வேறு, ஆணி ஒன்றே.

இங்கே நாம் சிறிது நிற்க வேண்டும். இரண்டு மக்களும் தனித்தனியே வகுத்த வரிசையில், எல்லாரும் அஞ்சி ஒதுக்கும் கடையிடத்தில் ஒரே பெண் நிற்பானேன்? பிறர்க்கு உயிர் தர முயன்று தன் உயிரை இழந்தவளுக்கு நன்றி கூறவேண்டியிருக்க, அவளைக் கண்டு அஞ்சுவானேன்?

நீலியின் கதை இதற்கு விடை கூறுகிறது. அக்கதை பல வடிவாய் வழங்குகிறது. கணவனாற் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயாகிறாள், மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து பழையனூர் வருகிறாள், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரார் முன் அழுது வழக்குரைக்கிறாள், வேளாளர் எழுபதின்மர் வணிகனின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்கி அவனை அவளோடு அனுப்புகின்றனர், அவன் மடிகிறான், வாக்குத் தவறாமல் எழுபதின்மரும் தீப்புகுகின்றனர். எழுபதின்மரின் வாய்மையைத் தமிழுலகம் இன்றளவும் போற்றுகிறது; போற்றத்தக்கதே. ஆனால் நீலிக்குக் கிடைத்தது என்ன? பொய்யழுகைக்கு “நீலிக் கண்ணீர்” என்று பெயர்! முதலிற் கொலையுண்டவள் அவள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. கொன்றவன் பெயர் மறைந்தது. கொலையுண்டவள் பெயர் பழிச்சொல்லாய் நிலைத்தது. பேய்ப்பட்டியல் எழுதப்படும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? யாருக்கு நாம் தீங்கிழைத்தோமோ அவர்களுக்கு நாம் அஞ்சுகிறோம். அவ்வச்சத்துக்குப் பேய் என்று பெயரிட்டு, அவர்களையே குற்றவாளிகளாக்கிவிடுகிறோம்.

இங்கு ஒரு தடையைக் கருதுதல் வேண்டும். பேயச்சம் ஏழைக்கும் ஒரு துணையன்றோ என்று அறிஞர் சிலர் வினவுவர். புகாரில் சதுக்கத்து நின்ற பூதம் போலித் துறவியையும், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சனையும், பொய்ச்சாட்சி சொல்பவனையும் பாசத்தாற் கட்டி விழுங்கும் எனச் சிலப்பதிகாரம் கூறவில்லையா? தோட்டங்களிலும் அத்தகைய கதைகள் உண்டு. முனியின் மரத்தை வெட்டச் சொன்ன துரை நோயுற்றார். பிறகு மனம் திருந்திக் கோயிலுக்கு இடம் விட்டார் என்று பல தோட்டங்களிற் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலே முறையிட ஒருவருமில்லாத மக்கள், துரைக்கும் மேலே ஓர் அதிகாரியைக் கற்பித்துக் கொண்டனர். அதில் அவர்களுடைய மானம் இருந்தது. இதனை நாம் மறுக்கவில்லை, இகழவுமில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். மரத்தை வெட்டியதற்காகத் துரையைத் தண்டித்த முனி, கூலியைக் குறைத்ததற்காக அவரைத் தண்டித்ததாக ஒரு கதையேனும் உண்டா? நாம் கேட்டதில்லை. தமக்குரிய இடத்தை முனி மீட்டுக்கொண்டார், தொழிலாளிக்குரியது மீளவில்லை. பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடியுண்டோரும் பெரும்பாலும் பங்களாவில் இருந்தோர் அல்லர், லயத்துப் பெண்களே. சதுக்கப்பூதம் விழுங்கியது வலியவனை. நம் பேய் பிடிப்பது எளியவளை.

மற்றொரு தடையைத் திருவள்ளுவர் பெயரால் எழுப்புவர். உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவன் மண்மேல் உலவும் அலகை என்று எண்ணப்படுவான் எனப் புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகிறதே என்பர். ஆம், கூறுகிறது. உலகத்தார் என்னும் சொல்லுக்கு உயர்ந்தோர் பலர் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டதையும் உடன் நினைவு கூர்க. ஆனால் நாம் இக்குறளில் வேறொன்றைக் காண்கிறோம். வள்ளுவர் பேயை மரத்திலே வைக்கவில்லை, சுடுகாட்டிலே வைக்கவில்லை. உயிரோடு நடமாடும் மனிதனிடத்தே வைத்தார். ஒருவனைப் பேயாக்குவது அவன் இறந்த வகையன்று, வாழும் வகை என்பதே இதன் குறிப்பாக நமக்குப் படுகிறது. அந்த அளவுகோலைக் கையிற் கொண்டால், பேய்களின் வரிசை முழுவதும் தலைகீழாய் மாறிவிடும்.

அகால மரணமுற்றோர் பேயாவர் என்பது நம்பிக்கை. அது மெய்யாயின், இந்நாட்டிற் பேய்க்குப் பஞ்சமிருக்க இடமில்லை. காடழித்த தொடக்க காலத்தில் தோட்டத் தொழிலாளர் குளிர்காய்ச்சலால் கூட்டம் கூட்டமாய் மடிந்தனர். சதுப்பு நிலத்துப் பேய் அடித்தது என்றனர். அக்காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்தார். 1901 தொடங்கிக் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். வடிகால் வெட்டிய இடத்திற் சதுப்புப் பேய் இருக்கவில்லை. பூசாரி பெறாத வெற்றியை மண்வெட்டி பெற்றது. பின்னர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பல்லாயிரவர். இவர்கள் பேய்ப்பட்டியலில் எந்தப் படியில் நிற்கின்றனர்? அம்மூதாட்டியின் வரிசையில் அவர்கள் இல்லை. ஊருக்கே தெரிந்த கொடுமைக்குப் பேய் தேவைப்படவில்லை. அதற்குக் காரணமானவர் யாரென்று எல்லாரும் அறிவர். வீட்டுக்குள் நாமே காரணமாகும் மரணத்துக்குத்தான் பேய் தேவைப்படுகிறது.

உரையாடல் முடியும் வேளையில், பிள்ளைப்பேற்றில் இறந்தவள் திரும்பி வராதிருக்க என்ன செய்வர் என்று அம்மூதாட்டியை வினவினோம். சுடலையிலிருந்து வீடுவரை கடுகு இறைத்துக்கொண்டு வருவர் என்றார். ஒவ்வொரு கடுகாய்ப் பொறுக்கிக்கொண்டே வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்; அவள் வீடு சேரமாட்டாள். இவ்வளவும் கூறிவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

“எங்கள் அக்காளுக்கு நான்தான் இறைத்தேன், தம்பி. எனக்குப் பத்து வயது. அவள்தான் என்னைத் தூக்கி வளர்த்தவள். வந்துவிடக் கூடாதே என்று கை நிறைய இறைத்தேன். அப்புறம் எத்தனையோ இரவு, வந்தாலாவது பார்த்திருப்பேனே என்று அழுதிருக்கிறேன்.”

மருத்துவச்சி வர நேரமாயிற்று என்றும், அக்காள் எட்டாம் மாதம் வரை மரம் வெட்டினாள் என்றும், போதிய உணவில்லை என்றும் பிறகு ஒவ்வொன்றாய் வெளிவந்தன. அவளைக் கொன்றது எது என்பதை யாரும் அன்று விசாரிக்கவில்லை. விசாரிக்கவேண்டிய நேரத்தில் கடுகு வாங்க ஆள் போயிற்று.

இக்கொடுமைக்கு மாற்று வேறு நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. நம் முன்னோரிடத்தேயே இருந்தது. தமிழ்நாட்டுச் சாலையோரங்களிற் சுமைதாங்கிக் கற்களைக் கண்டவர் பலர் இருப்பர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன், பிறர் துணையின்றித் தானே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், இருப்போர் சுமையை இறக்க ஓர் இடம்! பிடரியில் ஆணி அறைந்த அதே உலகில்தான் இக்கல்லும் நாட்டப்பட்டது. மரணம் ஒன்றே, அதைக் கண்டு ஒருவன் அஞ்சினான், ஒருவன் இரங்கினான். அஞ்சியவன் பேயைப் படைத்தான். இரங்கியவன் சுமைதாங்கியைப் படைத்தான்.

பழையனூர்த் திருவாலங்காடு நீலியின் ஊராக மட்டும் நிற்கவில்லை. காரைக்காலம்மையார் பாடிய தலமும் அதுவே. கணவன் அஞ்சி விலகிய பின், தசையை உதறிப் பேயுருவைத் தாமே வேண்டிப் பெற்றவர் அவர். தம்மைக் காரைக்காற் பேய் என்றே அழைத்துக்கொண்டார். அவரை இறைவன் அம்மையே என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடினார். எல்லாருக்கும் கீழே நின்றவளை ஒரு தாயென அழைத்த அந்த ஒரு சொல்லில், பேய்களின் மேல் கீழ் எல்லாம் பொடிந்து போகின்றன. மதநூல் என்று அதனை ஒதுக்குவோரும், பக்தி என்று போற்றுவோரும் இவ்வொரு சொல்லைக் கைவிடாதிருக்க வேண்டுகிறோம்.

ஆகவே, அந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று யாரேனும் கூறினால், இல்லையென்று வாதாடிப் பொழுதைக் கழிக்க வேண்டா. அது எந்த வகைப் பேய், எந்தப் படியிலுள்ளது என்றும் கேட்க வேண்டா. அவள் பெயர் என்ன, எப்படி இறந்தாள், அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர் யார் என்று கேளுங்கள். நாமும் அம்மூதாட்டியிடம் அக்காளின் பெயரைக் கேட்டோம். தயங்கி, பின் கூறினார். அச்சத்தால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் வாய்விட்டுச் சொல்லாதிருந்த பெயர் அது என்றார். சொல்லியபின் அவர் முகத்தில் அச்சம் காணப்படவில்லை.